பனிமூட்டம் இறங்கினால் டீ

வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனித்துக்கொள்ளும் கேரர் வேலை எனக்கு. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், டேவிஸ்டாக்கிலிருந்து பிரின்ஸ்டவுனுக்குப் போகும் காலை ஷிப்ட் என்றாலே எல்லாரும் நழுவுவார்கள். டார்ட்மூர் மேட்டில் மட்டக்குதிரைகள் நடுரோட்டில் நின்றுகொண்டு ஹார்ன் அடித்தாலும் நகராது, பனிமூட்டம் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது, போகவர ஆகும் நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது. புதிதாகச் சேர்ந்தவள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் பார்த்துக்கொண்ட தாத்தா ஓய்வுபெற்ற சிறைக்காவலர். முதல் நாளே "வா, மை லவர்" என்றாரா, எனக்குத் திக்கென்றது. டெவன் பக்கம் கடைக்காரரிலிருந்து பஸ் டிரைவர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. நம்மூர் 'கண்ணு' மாதிரி.

கடல் மட்டத்திலிருந்து 1,400 அடி உயரத்தில், மரம்கூட ஒழுங்காக வளராத இடத்தில், பிரின்ஸ்டவுன் இருப்பதே சிறையால்தான். பிளிமத்தில் பழைய கப்பல்களில் அடைத்துவைத்திருந்த பிரெஞ்சுப் போர்க்கைதிகளுக்காகக் கட்டிய சிறை 1809-ல் திறந்தது. பிறகு பிரிட்டனோடு நடந்த சண்டையில் பிடிபட்ட அமெரிக்க மாலுமிகளும் வந்தார்கள். சண்டை முடிந்து சமாதானம் ஆன பிறகும் ஊர் திரும்பக் கப்பல் வராமல் காத்துக் கிடந்தவர்கள்மீது 1815 ஏப்ரல் 6 அன்று காவலர்கள் சுட்டதில் 7 பேர் செத்தார்கள். எனக்கு ஆறவே ஆறாத கதை இது. அந்தக் கைதிகள் கையால் கட்டிய செயின்ட் மைக்கேல் தேவாலயம் இன்னும் நிற்கிறது. லீவு நாளில் போனால் சிறையை விட்டு அதைத்தான் முதலில் பாருங்கள். 1956-ல் மூடிய ரயில் பாதையில் இப்போது நடக்கலாம். போகிற வழியில் ஃபாகின்டார் கல்குவாரி, குளம் மாதிரி தண்ணீர் தேங்கிக் கிடக்கும்.

1850-லிருந்து குற்றவாளிகளுக்கான சிறை. 2024-ல் ரேடான் என்ற கதிரியக்க வாயு இருக்கிறதென்று கைதிகளை வேறு இடங்களுக்கு மாற்றிக் காலி செய்துவிட்டார்கள். தாத்தா அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. காலையில் நான் திரைச்சீலையை விலக்கியதும் "தெரிகிறதா?" என்று மட்டும் கேட்பார். அவர் காலத்தில் மூட்டம் இறங்கினால் வெளியே வேலைக்குப் போன கைதிகளை அவசரமாக உள்ளே கூப்பிட்டுத் தலை எண்ணுவார்களாம்.

எனக்குக் கொடுத்த நேரம் அரை மணி. ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியாத நாளில், "ஒன்றும் தெரியலை" என்று நான் சொன்னால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

"அப்போ நீயும் எங்கேயும் போக முடியாது. டீ போடு."