பெரியா கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு

அமெரிக்காவில் கல்விக் கட்டணம் இல்லாமல் படிக்க முடியுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்லும் பெயர், கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி. 1892 முதல் அங்கே எந்த மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு இடங்கள் மிகக் குறைவு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கான கல்லூரியும் அல்ல அது.

விண்ணப்பக் கட்டுரை எழுதும் முன் அதன் வரலாற்றைப் படித்துவிடுங்கள். அடிமை முறை சட்டபூர்வமாக இருந்த மண்ணில், 1855இல், ஜான் ஃபீ என்ற பாதிரியார் தொடங்கிய பள்ளி அது. 1859இல் அடிமை முறை ஆதரவாளர்கள் அவரையும் கூட இருந்தவர்களையும் ஊரைவிட்டே விரட்டினார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் திரும்பி வந்து, கறுப்பின மாணவர்களையும் வெள்ளை மாணவர்களையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள். அதைத் தடுக்கவே 1904இல் கென்டக்கி ஒரு சட்டம் போட்டது. கல்லூரி வழக்கு நடத்தியது. 1908இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. 1950இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் கறுப்பின மாணவர்கள் மறுபடி உள்ளே வர முடிந்தது. இதைப் படித்தவர் எழுதும் கட்டுரைக்கும், 'உங்கள் உலகத்தரக் கல்வி என்னைக் கவர்ந்தது' என்று எழுதுபவரின் கட்டுரைக்கும் உள்ள வித்தியாசம் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

சரி, உள்ளே போனபின்? ஒவ்வொரு மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். முதல் வருட வேலையைக் கல்லூரியே ஒதுக்கும். எனக்குக் கிடைத்தது சாப்பாட்டுக்கூடம். பாத்திரம் கழுவும் மெஷினிலிருந்து ஆவி பறக்க வரும் தட்டுகளைக் கை பொறுக்காமல் எடுத்து அடுக்கிவிட்டு, ஈரச் சட்டையோடு நேராக நூலகத்துக்குப் போவேன். என் அறைத்தோழன் துடைப்பம் கட்டும் பட்டறையில் இருந்தான். நம் சோளத்தின் உறவான ஒரு பயிரின் கதிர்களைக் கம்பியால் இறுக்கிச் சுற்றி, இறுக்கிப் பிடிக்கும் கருவியில் வைத்துத் தட்டையாக்கித் தைப்பார்கள். இந்த வேலைகளுக்கும் மதிப்பீடு உண்டு. அதனால் 'பாடம்தான் முக்கியம், வேலையை ஒப்பேற்றிவிடலாம்' என்ற எண்ணம் அங்கே எடுபடாது.

நம் பிள்ளைகள் திணறும் இடம் கணக்கோ அறிவியலோ அல்ல, எழுத்துதான். கணினி அறிவியல் படித்தாலும் சமயம், கலை, வரலாறு எல்லாம் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கட்டுரை கேட்பார்கள். பாடப் புத்தகத்தில் இருப்பதைத் திருப்பி எழுதினால் பேராசிரியர் 'இதில் உன் வாதம் எங்கே?' என்பார். கட்டுரை எழுத உதவும் மையத்தில் சீனியர்கள் இருப்பார்கள். உங்களுக்குச் சொல்லித் தருவதுதான் அவர்களுடைய வேலை. முதல் கட்டுரைக்கே, பாதி எழுதிய நிலையில், தயங்காமல் போய் உட்காருங்கள்.

அப்புறம், இரண்டாம் வருடத்திலிருந்து உங்கள் துறைக்கு நெருக்கமான வேலைக்கு முயற்சி செய்யலாம். முதல் வருடம் முடிவதற்குள்ளேயே அந்தத் துறையின் மேற்பார்வையாளரை நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள்.