ஹில்லின் ஆப்பிள் மரங்கள்

ஸ்வீடன் நாட்டு ஓவியர் கார்ல் ஃப்ரெட்ரிக் ஹில்லைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் வந்து நிற்பது அவருடைய மனநோய்தான். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அதற்கு முன்னால் பிரான்ஸில் அவர் வரைந்த நிலக்காட்சிகளை ஏதோ முன்னுரை போலப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அவைதான் ஹில்.

1849ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பிறந்தவர். அப்பா அங்கே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். மகன் ஓவியனாவதில் அவருக்குத் துளியும் இஷ்டமில்லை. மகன் கேட்கவில்லை. ஸ்டாக்ஹோம் கலைக் கழகத்தில் படித்தார், 1873ல் பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர் கோரோவின் படங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. பாரிஸுக்கு வெளியே காட்டை ஒட்டிய பார்பிசோன் கிராமத்துப் பக்கம் வரைந்த ஆரம்பகாலப் படங்களில் காடும் இருட்டும் பழுப்புமாக இருக்கும். நல்ல படங்கள்தான், ஆனால் அந்த மாதிரி வரைய அங்கே நிறையப் பேர் இருந்தார்கள்.

அப்புறம்தான் வெளிச்சம் வருகிறது. 1876ல் நார்மண்டிக் கடற்கரையில், லூக்-சூர்-மேர் என்ற ஊரில் வரைந்தவற்றைப் பாருங்கள். அலை பின்வாங்கிய மணல்வெளி, மேலே பெரிய வானம், வேறொன்றும் இல்லை. அடுத்த வருடம் சேன் நதிக்கரையில் புவா-லெ-ருவாவுக்குப் போனார். பூத்த ஆப்பிள் மரங்கள் வருவது இந்த 1877ல்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பூ என்று தனியாக எதுவும் கிடைக்காது. வெள்ளைச் சாயத்தைத் தடிப்பாக, அவசர அவசரமாக ஒற்றியிருக்கிறார், அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் மரம் முழுக்கப் பூ. நான் இதை எத்தனை முறை பெரிதாக்கிச் சுருக்கிப் பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

பாரிஸின் பெரிய அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோன் 1875ல் அவருடைய படம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. அத்தோடு சரி. பெரிய ஆளாகிவிடுவேன் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த மனிதர் அவர். அப்பாவும் ஒரு சகோதரியும் அந்த வருடங்களிலேயே ஊரில் இறந்துபோனார்கள். எல்லோரும் தன்னைத் துரத்துகிறார்கள் என்ற எண்ணம் மெல்லப் பிடித்துக்கொண்டது. 1878 ஜனவரியில், 28 வயதில், பாரிஸின் பாஸி பகுதியில் இருந்த மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிறகு டென்மார்க்கில் ரோஸ்கில்ட ஊர் மருத்துவமனை, அதன் பிறகு லுண்ட் மருத்துவமனை. 1883ல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அம்மாவும் சகோதரி ஹெட்டாவும் பார்த்துக்கொண்டார்கள். 1911ல் இறக்கும்வரை அவருக்கு அந்த வீடுதான் உலகம்.

அங்கே அவர் வரைந்த கோட்டோவியங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மானும் யானையும் பனைமரமும் கோயிலும் அருவியுமாக, பார்த்தே இராத நாடுகள். பிற்காலத்து நவீன ஓவியர்கள் கொண்டாடியது இவற்றைத்தான். அவற்றின் வலிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இவற்றைப் பார்த்துவிட்டு, ஆப்பிள் மரத்துக்குத் திரும்பி வந்து, ‘இங்கேயே நோயின் அறிகுறி தெரிகிறதே’ என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. வேகமாக வரைவது நோயா என்ன? பூ உதிர்வதற்குள் படத்தை முடிக்க வேண்டாமா?

கோட்டோவியங்களில் பெரும்பகுதி ஸ்வீடனின் மால்மோ நகரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் 1877க்குப் போங்கள், அங்கிருந்து மால்மோவுக்கு வரலாம்.