அம்மா போனது எங்கள் இரண்டு பேருக்கும்தான்

"உன் தங்கச்சிக்கும் அம்மாதானே போனா? அவ எழுந்து கடைக்குப் போகலையா?" அம்மாவின் காரியம் முடிந்ததிலிருந்து சித்தி அக்காவிடம் இதைச் சொல்லாத நாளில்லை. என்னைக் காட்டியே அவளைக் குத்துவார். அக்கா பதில் பேசமாட்டாள். முன்னால் வைத்த காபி ஆடை படிந்து, ஆறி, அப்படியே இருக்கும்.

நான் பி.ஃபார்ம் படித்துவிட்டு கும்பகோணத்தில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். சித்தியின் கேள்விக்கு என் படிப்பு வழியாகவே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

தும்மலுக்கு அவில் போட்டுக்கொண்டால் பலருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். ஃபெக்ஸோஃபெனடின் போட்டவர் பெரும்பாலும் வழக்கம்போல வேலை பார்ப்பார். இரண்டுமே தும்மலைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுப்பவைதான். ஆனால் அவில் மூளைக்குள் போய்விடும், மற்றது அவ்வளவாகப் போகாது. காரணம் ரத்த-மூளைத் தடுப்பு. உடம்பின் பெரும்பாலான இடங்களில் ரத்தத் தந்துகிச் சுவரில் கசிவுக்குக் கொஞ்சம் இடமுண்டு. மூளையிலோ அந்தச் சுவரின் செல்களை நெருக்கித் தைத்து வைத்திருக்கிறது உடம்பு. தையலுக்கு நூலாக இருக்கும் புரதங்களில் முக்கியமானது கிளாடின்-5.

2017-இல் நேச்சர் நியூரோசயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் ஸ்காட் ருஸ்ஸோவின் ஆய்வகத்தில் கரோலின் மெனார் முன்நின்று செய்த வேலை. ஒரு சுண்டெலியைத் தினமும் சில நிமிடம் பெரிய முரட்டு எலியின் கூண்டில் விடுவார்கள். அடி, கடி. மீதி நேரமெல்லாம் நடுவில் ஒரு தடுப்பு மட்டும். அடித்தவனைப் பார்த்துக்கொண்டும் மோந்துகொண்டும் அங்கேயே கிடக்க வேண்டும். மறுநாள் வேறொரு முரடன். இப்படிப் பத்து நாள்.

அதன்பின் சில எலிகள் எந்த எலியைக் கண்டாலும் மூலைக்கு ஒதுங்கின. சில எலிகள் பழையபடி கிட்டே போய்ப் பழகின. பட்டது எல்லாம் ஒரே பாடுதான். ஒதுங்கிய எலிகளில், ஆசையையும் ஊக்கத்தையும் கவனிக்கும் நியூக்ளியஸ் அக்யூம்பன்ஸ் பகுதியில், கிளாடின்-5 குறைந்திருந்தது. ரத்தத்தில் சுற்றும் ஐ.எல்-6 என்ற அழற்சிப் புரதம் அந்த வழியாக மூளைக்குள் இறங்கியிருந்தது. பிறகு, அடிபடாத எலிகளுக்கு அதே இடத்தில் கிளாடின்-5-ஐ வேண்டுமென்றே குறைத்தார்கள். மற்ற எலிகள் சமாளித்துவிடக்கூடிய சின்ன அலைக்கழிப்புக்கே அவை துவண்டுபோயின.

இதைப் படித்ததும் எனக்கு அக்கா முகம்தான் வந்தது. நான் எழுந்து கடைக்குப் போனது என் மனத்திடத்தால்தான் என்று எதை வைத்துச் சொல்வது? என் ரத்தக்குழாய் தாக்குப்பிடித்திருக்கலாம், அவளுடையது விட்டுக்கொடுத்திருக்கலாம். அவள் மூளையில் அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. எலி ஒதுங்குவதும் மனுஷி உடைந்துபோவதும் ஒன்றல்ல, டிப்ரஷனுக்குக் காரணங்கள் பல. ஆனால் டிப்ரஷனோடு வாழ்ந்து இறந்தவர்களின் மூளைத் திசுவிலும் அதே இடத்தில் கிளாடின்-5 குறைவாகவே இருந்திருக்கிறது. "எனக்கும்தான் கஷ்டம் வந்துச்சு" என்று ஒப்பிடுகிற உரிமை யாருக்கும் இல்லை என்று சொல்ல எனக்கு இதுவே போதும்.

மாத்திரைக்காரியாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இமிப்ரமின் என்ற பழைய டிப்ரஷன் மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது எலிகளில் கிளாடின்-5 மீண்டும் ஏறியது. தொடர்ந்து என்பதைக் கவனியுங்கள். இந்த வகை மருந்துகள் பலன் காட்டவே சில வாரம் ஆகும். "ஒரு ஸ்ட்ரிப் போட்டாச்சு, ஒண்ணும் தெரியல, நிறுத்திட்டேன்" என்று வருகிறவர்களைத் திரும்ப டாக்டரிடம் அனுப்புவதே என் பாதி வேலை.

அந்த 2017 ஆய்வு ஆண் எலிகளில் செய்தது. மெனார் இப்போது கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். அவருடைய குழு 2022-இல் பெண் எலிகளைப் பார்த்தபோது சேதம் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணியில் தெரிந்தது. டிப்ரஷன் இருந்த பெண்களின் மூளைத் திசுவிலும் அதே இடம். ரத்தத்தில் கரைந்திருக்கும் ஈ-செலெக்டின் என்ற பொருள், பெண்களிடம் டிப்ரஷனைக் காட்டும் ஓர் அடையாளமாக உதவலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அது சோதனையாகி எங்கள் தெரு லேப் வரை வரவேண்டும் என்று மனசார விரும்புகிறேன். எங்கள் வீடுகளில் ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லுக்கு இல்லாத மரியாதை லேப் ரிப்போர்ட்டுக்கு உண்டு.