எங்க பக்கம் ஏறித்தானே வந்துச்சு

சுனாமி விழிப்புணர்வு கிளாஸ்ல கடலைப் பத்தி அந்த அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி, நான் சொன்னது மூணு வார்த்தை. "உள்வாங்கும்மா, கண்டிப்பா உள்வாங்கும்." அவங்களும் "அப்ப சரி தம்பி"ன்னு உட்கார்ந்துட்டாங்க. ரெண்டு வருஷம் ஆகப்போகுது, அந்த "அப்ப சரி" மட்டும் காதை விட்டுப் போகல.

எப்பவும் போல டப் டெமோதான் காட்டிட்டிருந்தேன். முக்கால் டப் தண்ணி, அடியில சீசா மாதிரி ஆடுற பலகை. ஒரு முனையை குச்சியால அமுக்கினா மறுமுனை எழும்பும், மேல இருக்கிற தண்ணி மொத்தமும் கூடவே ஆடும். காத்துல வர்ற அலை கடலோட மேல்தோல்ல ஓடுறது, சுனாமி அப்படி இல்ல, பூமியோட பாறைத் தட்டு ஒண்ணு இன்னொரு தட்டுக்கு அடியில சொருகி நூத்துக்கணக்கான வருஷம் இறுகிக் கிடந்து ஒருநாள் பிடி விட்டு தரை துள்ளும்போது, அடிமட்டத்துல இருந்து மேல வரைக்கும் முழுத் தண்ணியும் நகர்றதுன்னு புரிய வைக்கத்தான் இந்த டப்பே. 2004 டிசம்பர் 26 அன்னிக்கு இந்தோனேசியாவோட சுமத்ரா பக்கம் அப்படிப் பிடி விட்டது கிட்டத்தட்ட 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு.

நான் என் பக்க முனையை அமுக்கினேன். என் பக்கம் தண்ணி இறங்குச்சு, எதிர் பெஞ்சு பக்கம் ஏறி விளிம்பைத் தாண்டி ஒரு கை தண்ணி அந்த அம்மா சேலை மேல தெறிச்சுது. எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான்.

அடுத்த ஸ்லைடு: கடல் உள்வாங்கினா மேட்டுக்கு ஓடுங்க. அப்பதான் எழுந்தாங்க. "ஏன் தம்பி, உங்க பக்கம்தானே உள்வாங்குச்சு? எங்க பக்கம் ஏறித்தானே வந்துச்சு?"

நனைஞ்ச முந்தானையை கையில பிழிஞ்சுகிட்டே கேட்டாங்க. எனக்கு அந்தப் பிழியுற கைதான் ஞாபகம் இருக்கு, முகம் சரியா ஞாபகம் இல்ல.

அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. தட்டு சொருகுற இடத்துல இருக்கிற கடலடிப் பள்ளத்துக்கு எந்தப் பக்கம் தரை எழும்புது, எந்தப் பக்கம் தாழுதுங்கிறதை வச்சுத்தான் கரைக்கு முதல்ல வர்றது அலையோட மேடா, தாழ்வான்னு முடிவாகும். 2004ல தாய்லாந்து பக்கம் கடல் முதல்ல உள்ள போச்சு. ஃபூகெட்ல டில்லி ஸ்மித்ங்கிற 10 வயசுப் பொண்ணு ஜியாகரபி கிளாஸ்ல படிச்சதை வச்சு கடல் ஒரு மாதிரி நடந்துக்கறதைக் கண்டுபிடிச்சு பீச்சையே காலி பண்ண வச்ச கதை நம்ம எல்லாரும் சொல்ற கதைதான். ஆனா இலங்கை, இந்தியா பக்கம் முதல்ல ஏறித்தான் வந்துச்சு, உள்வாங்கினது அதுக்கப்புறம். ஸ்லைடை நம்பி கடல் உள்ள போகட்டும்னு காத்துட்டு இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இது தெரியாம அப்படிச் சொல்லியிருந்தா இவ்வளவு உறுத்தாது. தெரியும். எவ்வளவு வேகமா வரும்னு கேட்டிருந்தாங்கன்னா பிரமாதமா சொல்லியிருப்பேன், 4,000 மீட்டர் ஆழத்துல மணிக்கு 700 கிலோமீட்டர், நடுக்கடல்ல ஒரு மீட்டர் கூட உயரம் இருக்காது, படகுல இருக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது, கரைகிட்ட ஆழம் குறையக் குறைய முன்னாடி போற தண்ணி மெதுவாக பின்னாடி வர்றது அது மேல நெருக்கி உயரும்னு மூச்சு விடாம ஒப்பிச்சிருப்பேன். அவங்க அதைக் கேக்கல, டப்பைப் பார்த்துக் கேட்டாங்க.

நியாயம் கற்பிக்கணும்னா கற்பிக்கலாம். முடிய அஞ்சு நிமிஷம் இருந்துச்சு, வேன் வெளிய ஹாரன் அடிச்சுட்டிருந்துச்சு. எங்க ஹெட் எப்பவும் சொல்றது, ஒரு கிளாஸ்ல ஒரு வரிதான் மனசுல தங்கும், அதை "ஆனா" போட்டுக் கெடுக்காதீங்கன்னு. அதுவும் பொய்யில்ல. சுமத்ராவுக்குப் பக்கத்துல சிமெலு தீவுல 1907ல வந்த சுனாமியை வச்சு பாட்டி தாத்தா காலத்துல இருந்து "ஸ்மோங்"னு (அவங்க பாஷையில சுனாமி) ஒரே சொல்லா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாங்க, கிட்டத்தட்ட 78,000 பேர் இருந்த தீவுல 2004ல இறந்தவங்க 7 பேர். அப்ப ஒரு வரி போதும்தானே?

போதாதுன்னும் தோணுது. அந்த ஸ்மோங் கதையில முதல்ல வர்றது பூமி பலமா ஆடுறது, உள்வாங்குறது அதுக்கப்புறம்தான். நான் அதுல பாதியை மட்டும் உருவி விட்டுட்டு அந்தத் தீவுக்காரங்களைச் சாட்சிக்கு கூப்பிடுறேன். சரி, ஆட்டத்தையும் சேர்த்துச் சொன்னா? 1896ல ஜப்பான் சான்ரிகு கரையில நடுக்கம் லேசாத்தான் இருந்துச்சு, யாரும் பெருசா எடுத்துக்கல, கிட்டத்தட்ட 22,000 பேர் போயிட்டாங்க. தூரத்துல நடந்தா ஆட்டமே தெரியாது. இப்படிப் போனா அந்த ஒரு வரி ஒரு பக்கமாயிடும்.

போட்டும் பார்த்தேன். அடுத்த கிளாஸ்ல, பலமா ஆடினா ஓடுங்க, உள்வாங்கினா ஓடுங்க, உள்வாங்காம ஏறினாலும் ஓடுங்க, ஒண்ணும் தெரியாம வார்னிங் மட்டும் வந்தாலும் ஓடுங்க, முதல் அலை போயிடுச்சுன்னு இறங்கி வராதீங்க, அடுத்தது பெருசா இருக்கலாம், மணிக்கணக்குல வந்துட்டே இருக்கும்னு. முடிவுல என்ன ஞாபகம் இருக்குன்னு கேட்டேன். பின்னாடி இருந்து ஒரு பையன் "ஓடணும் சார்"ன்னான். அது தோல்வியா, இல்ல அதுதான் சரியான பதிலான்னு இன்னும் எனக்குத் தெரியல. ஹெட் பார்த்துட்டு ஸ்லைடை மறுபடி பழைய ஒரு வரிக்கே மாத்தச் சொல்லிட்டாரு, நானும் மாத்திட்டேன்.

அந்த ஊர் வாலண்டியர் ஒருத்தருக்கு வாட்ஸ்அப்ல எழுதினேன், அன்னிக்குக் கேள்வி கேட்ட அம்மாகிட்ட சொல்லிடுங்க, உள்வாங்காமலும் வரலாம்னு. ஒரு கட்டைவிரல் வந்துச்சு. சொன்னாரான்னு திரும்பக் கேக்கல. கேட்டு, இல்லன்னு சொல்லிட்டா அப்புறம் நான்தானே போகணும்.

டெமோ மட்டும் கொஞ்சம் மாறியிருக்கு. இப்பெல்லாம் எதிர்முனையை அமுக்குறேன். தண்ணி என் சட்டை மேல தெறிக்கும், அவங்க பக்கம் அழகா உள்வாங்கும். யாரும் நனையக்கூடாதுன்னுதான் மாத்தினேன்னு சொல்லிக்கிறேன். அதுக்கப்புறம் அந்தக் கேள்வியை யாரும் கேக்கறதில்ல.