அம்மாவின் பொருத்தனை, ஊட்டி ஸ்டீபன்ஸ் சர்ச்

தங்கச்சி பையன் ஏழாம் மாதத்திலேயே பிறந்து இன்குபேட்டரில் கிடந்தபோது, பிழைத்துவிட்டால் ஊட்டி ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்குத் தூக்கிக்கொண்டு வருவதாக அம்மா பொருத்தனை பண்ணியிருந்தார். அம்மா திடப்படுத்தல், அதாவது ஞானஸ்நானம் பெற்றவர் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடுகிற சடங்கு, எடுத்த ஆலயம் அது. மற்ற எந்த சர்ச்சைச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளவில்லை.

மலையடிவாரத்தில், கல்லாறில், ஊட்டி போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் பார்க்கும் இடத்திலேயே வண்டிகள் நகரவில்லை. அப்புறம் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு, குழந்தை கக்கிக்கொண்டே வந்தான். ஊட்டி சேரிங்கிராஸ் சந்திப்பைத் தாண்டுவதற்குள் ரூம் வேணுமா என்று கண்ணாடியைத் தட்டியவர்களுக்குக் கணக்கில்லை. சரி, உள்ளே போனால் நிம்மதி என்று பார்த்தால், நாங்கள் பலிபீடத்துக் கிராதி முன்னால் முழங்கால் போட்டிருக்கும்போதே ஒருவர் "கொஞ்சம் தள்ளிக்குங்க, போட்டோவில் விழறீங்க" என்கிறார்!

ஆயர் குழந்தையைக் கையில் வாங்கித் தலையில் கை வைத்து ஜெபித்தார். வீட்டில் அரை மணி நேரம் விடாமல் ஜெபிக்கிற அம்மாவுக்கு அன்றைக்கு "ஆண்டவரே" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. இவனோ ஒரு காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, அழாமல், மேலே கூரை உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்து லால் பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த தேக்கு அது. ரோடு ஒழுங்காக இல்லாத காலத்தில் அதை இந்த மலைக்கு ஏற்றியவர்கள் பட்ட பாட்டை நினைத்தபோது, எங்கள் 14 வளைவுப் புலம்பல் எனக்கே சிரிப்பாக இருந்தது. சென்னை மாகாண கவர்னர் லஷிங்டன் காலத்தில் 1829-இல் இந்த சர்ச்சுக்கு அடிக்கல், மறு வருஷம் நவம்பரில் பிரதிஷ்டை, 1831 ஈஸ்டர் அன்று திறப்பு. ராஜா போய், வெள்ளைக்காரனும் போய், இன்றைக்கு அந்த உத்திரத்துக்குக் கீழே எங்கள் வீட்டுப் பிள்ளை.

பின்னால் கல்லறைத் தோட்டம். ஊட்டியை உண்டாக்கிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியையும் மகள் ஹேரியட்டையும் அங்கேதான் அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். அம்மா பேரனை மார்போடு இறுக்கிக்கொண்டு, "கலெக்டரா இருந்தும் பிள்ளையக் காப்பாத்த முடியலயே கண்ணு, நமக்கு என்ன தகுதி இருக்குன்னு இவனைக் குடுத்தாரு" என்று அழ ஆரம்பித்துவிட்டார். தங்கச்சியும் அழுதாள், நானும்தான்.

ஒன்றரை கிலோகூட இல்லாமல் பிறந்தவன் இப்போது ஆறு கிலோ, ஸ்தோத்திரம் ஆண்டவரே, ராத்திரி பகலாக அவன் பக்கத்திலேயே நின்ற நர்சுகளுக்காகவும், கடனென்று கேட்டதும் மறுக்காமல் கொடுத்தவர்களுக்காகவும், வழியெல்லாம் கக்கினாலும் காய்ச்சல் வராமல் கொண்டுவந்து சேர்த்ததற்காகவும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.