குளக்கரைக்கு ஒரு கம்பனி நிதி: விண்ணப்பத்திலிருந்து வேலி வரை

கம்பனிகள் கிராமங்களுக்குக் கொடுக்கும் சிறு நிதியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் 'எவ்வளவு தருவாங்கள்?' என்றுதான் கேட்பார்கள். காசு எந்த மாதத்தில் கைக்கு வரும், அதில் வேலி போட விடுவார்களா என்பவைதான் உண்மையில் முதலில் கேட்க வேண்டியவை. எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக, குளக்கரையில் மரம் வைப்பதற்காக ஒரு தடவை இந்த வழியில் போய் வந்திருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம். முத்தையன்கட்டு மாதிரிப் பெரிய குளம் இல்லை, வயல்காரருக்கும் மாடுகளுக்கும் மட்டும் தெரிந்த சின்னக் குளம். யுத்த காலத்தில் வன்னியில் பங்கருக்கென்று, அதாவது பதுங்குகுழிக்கென்று தறித்த பனைகளுக்குக் கணக்கில்லை. எங்கள் குளத்தைச் சுற்றி நின்றவையும் அப்படித்தான் போயின. மீள்குடியேறி வந்தபோது, மழைத்தண்ணீர் குளத்துக்கு வந்து சேரும் நீரேந்து பக்கம் வெட்டையாகக் கிடந்தது. காற்றுக் காலத்தில் தண்ணீர் கண்முன்னே வற்றும், முதல் மழைக்கு மண் அப்படியே குளத்துக்குள் இறங்கும். அந்தப் பக்கத்தில் மரம் வைக்க வேண்டும் என்ற பேச்சு சங்கத்தில் கனகாலமாக இருந்தது. அப்போதுதான் கொழும்புக் கம்பனி ஒன்று சமூக, சுற்றாடல் வேலைகளுக்குச் சிறு நிதி கொடுப்பதாக அறிவித்தது. 3 லட்சம் ரூபாய்க்குள் கேட்கலாம்.

இந்தியாவில் 2013 கம்பனிச் சட்டப்படி, பெரிய கம்பனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக வேலைக்குச் செலவழிக்க வேண்டும். இலங்கையில் அப்படிக் கட்டாயம் இல்லை, கம்பனி தானாக விரும்பிக் கொடுப்பதுதான். அதனால் ஆளுக்கொரு படிவம், ஆளுக்கொரு விதி. பாதியில் விதி மாறினாலும் போய் முறையிட இடமில்லை. எங்களுக்கு வந்த படிவம் ஆங்கிலத்தில் மட்டும். தமிழில் எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, சுருக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் வையுங்கள் என்றார்கள். கேட்காமல் இருந்திருந்தால் நகரத்தில் யாருக்காவது காசு கொடுத்து எழுதுவித்திருப்போம்.

காகித வேலையில் சொல்லப் பெரிதாக இல்லை. பிரதேச செயலகத்துச் சங்கப் பதிவு, யாப்பு (சங்கத்தின் விதிகள்), கணக்காய்வு செய்த கணக்கு, வங்கிப் புத்தகம், அவ்வளவுதான். இடம்பெயர்வில் பழைய பதிவு தொலைந்த சங்கங்கள் வன்னியில் நிறைய. அப்படியானவர்கள் விளம்பரம் வரும்வரை காத்திருக்காமல் பதிவை இப்போதே புதுப்பித்து வைக்கலாம். பொருளாளரின் பெயர் அடையாள அட்டையிலும் வங்கியிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காணி விஷயம் அப்படி லேசில் முடியவில்லை. 80 ஹெக்டேயருக்குக் குறைவான வயலுக்குப் பாய்ச்சும் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. ஆகவே கமநல சேவை நிலையத்தின் கடிதமும் கமக்காரர் அமைப்பின் சம்மதமும் தேவை. அணைக்கட்டில் மருது வைக்கலாம் என்று நினைத்துப் போனோம். உத்தியோகத்தர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பெரிய மரத்தின் வேர் கட்டுக்குள் போனால் வேர் செத்த பிறகு அந்த வழியால் தண்ணீர் கசியும், பிறகு உடைப்புத்தான் என்றார். நியாயமான கதை. நீரேந்து பக்கத்தில், தண்ணீர் வந்து அலையடிக்கும் அலைகரைக்கு மேலே வைக்கச் சம்மதம் கிடைத்தது. அதற்கும் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்று விதானையாரை (கிராம உத்தியோகத்தரை) கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். குழி கிண்டும் வேலை என்பதால், அந்தத் துண்டில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கினோம். கொழும்புக்காரருக்கு இது விளங்கவே இல்லை. இங்கே அது இல்லாமல் யாரும் மண்வெட்டி தூக்க மாட்டார்கள்.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: நடப்படும் மரங்களின் எண்ணிக்கை. கம்பனி எதிர்பார்த்தது 1,000. கூட்டத்தில் இதைச் சொன்னதும் கமக்காரர் அமைப்பில் இருக்கும் ஒரு ஐயா கேட்டார்: "ஏன் பிள்ளை, ஆயிரம் கண்டு வைக்கிறது மரம் வளர்க்கவோ, இல்லை மாடு வளர்க்கவோ?" எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அவர் கேட்டதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஒரு நாளில் 1,000 கன்று நட்டுப் படம் எடுக்கலாம். சித்திரை வெயிலும் கட்டாக்காலி மாடும் சேர்ந்தால் ஆவணியில் அங்கே குச்சிகள்தான் நிற்கும். நாங்கள் 250 கன்று என்று எழுதி, மிச்சக் காசை வேலிக்கும் தண்ணீர் ஊற்றுவதற்கும் போட்டோம்.

கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. "அக்கா, ஒரு மரத்துக்கு இவ்வளவு செலவா? மற்ற இடங்களில் இதைவிடக் குறைவாகத்தானே காட்டுகிறார்கள்?"

"தம்பி, அவர்கள் காட்டுவது நட்ட மரத்தின் கணக்கு. நாங்கள் எழுதியது இரண்டு வருஷம் கழித்து நிற்கிற மரத்தின் கணக்கு" என்றேன். மூன்று வரியில் அதை எழுதி அனுப்பச் சொன்னார். அந்தத் தம்பி உள்ளே எங்களுக்காகப் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். 250க்கே சம்மதம் வந்தது.

அப்புறம் வேலி. எந்தச் சாமானுக்கும் மூன்று கடைகளின் விலைமனு வேண்டும், சீல் இருக்க வேண்டும். முட்கம்பிக்கும் கொங்கிறீற் தூணுக்கும் அது பிரச்சினையில்லை. கதியாலுக்கு எந்தக் கடைக்குப் போவது? கிளுவையும் சீமைக்கிளுவையும் அயலட்டை வேலிகளில் வெட்டுகிற தடி, நட்டால் துளிர்த்து உயிர்வேலியாகும். வெட்டித் தருகிறவருக்கு ஏது சீல்? கடைசியில் தடி தந்தவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பத்தோடு ஒரு பற்றுச்சீட்டுத் தாள் தயாரித்து, விதானையாரிடம் உறுதிப்படுத்தி அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். சிரமதானத்தையும் இதே மாதிரி வேலைக்கு வந்தவர்களின் வரவுப் பட்டியலோடு நாட்கூலி விலைக்குக் கணக்கிட்டுச் சங்கத்தின் பங்களிப்பாகக் காட்டலாம். காட்டாமல் விட்டால் நட்டம் சங்கத்துக்குத்தான்.

மாட்டுக்காரர்களையும் முதலிலேயே கூப்பிட்டுப் பேசினோம். கோடையில் மாடுகள் தண்ணீருக்கு இறங்கும் வழியை மறிக்காமல் வேலியை வளைத்துப் போட்டோம். அதைச் செய்யாவிட்டால் கம்பியை இரவில் யாராவது வெட்டியிருப்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. யானைக்கு இதெல்லாம் வேலியே இல்லை, அது வேறு கதை.

முதல் தவணை வந்தது மாசியில். கம்பனியின் நிதியாண்டுக்கு அது சரி, வன்னியில் மரம் நடுவதற்கு அதைவிட மோசமான நேரம் இல்லை. முதலாம் காலாண்டில் நடுகை என்று அவர்கள் போட்டிருந்த அட்டவணையை மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் எழுதினோம். கோடையில் தூணும் கம்பியும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் விழும்போது நாற்றுமேடை. வேப்பங்கொட்டையைக் கனநாள் வைத்தால் முளைக்காது, பொறுக்கிய கையோடு பையில் போட வேண்டும். ஆவணி, புரட்டாதியில் பனங்கொட்டை சேர்த்தோம். ஐப்பசி மழை மண்ணை நனைத்த பிறகு கன்றும் கொட்டையும் கதியாலும் ஒன்றாக இறங்கின. பனைக்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, ஆனால் காய்க்கப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் எடுக்கும் என்பதால் எந்த நிதி அறிக்கைக்கும் அது உதவாது. 250க்குள் அதைச் சேர்க்காமல் தனியாகவே நட்டோம்.

பெயர்ப்பலகை விஷயத்தில் கொஞ்சம் இழுபறி. எங்கள் பக்கம் கிணற்றுக்கு ஒரு பலகை, மலசலகூடத்துக்கு ஒரு பலகை என்று யார் யாரோ நட்டுவிட்டுப் போனவை துருப்பிடித்து நிற்கின்றன. கம்பனி கேட்ட அளவுக்குப் போட்டால் ஒரு பெரிய தொகை அதற்கே போயிருக்கும். படலையில் தொங்கும் சின்னத் தகரப் பலகையோடு சமாளித்தோம்.

இறுதி அறிக்கையைப் பங்குனியில் கொடுத்தோம், உயிரோடு நிற்கும் கன்றுகளை எண்ணி, படமும் வைத்து. கடைசித் தவணை வரக் கொஞ்சம் சுணங்கியது. அதுவரை முட்கம்பிக் கடைக்காரரின் மிச்சக் காசைச் சங்கத்தின் சுழல்நிதியிலிருந்து கொடுத்தோம். இதற்கும் முன்கூட்டியே கூட்டத்தில் தீர்மானம் எடுத்து வையுங்கள், பிறகு கணக்காய்வில் கேள்வி வரும். கோடையில் செத்த கன்றுகளின் குழிகளில் இந்த மாரிக்குப் பனங்கொட்டைதான் போடப் போகிறோம். அதற்கு விலைமனு கேட்க யாரும் இல்லை.