சனிக்கிழமை இரவில் பிறக்கும் பாஸ்கு

ஈஸ்டர் என்னும் சொல்லை நாங்கள் பள்ளிக்கூடத்தில்தான் கற்றுக்கொண்டோம். எங்கள் ஆயாவுக்கு அது கடைசிவரை பாஸ்குதான். முந்தின ஆண்டு மந்திரித்துக் கொடுத்த குருத்தோலையை எரித்த சாம்பல், சாம்பல் புதனன்று நெற்றியில் ஏறியது முதல், எங்கள் புதுச்சேரி வீட்டுக்குள் கவிச்சி நுழையாது. பாஸ்குக்கு முன் நோன்பிருக்கும் தவக்காலத்தின் 40 நாள்களில் ஞாயிறுகள் சேராது என்றாலும், அம்மா அந்தச் சலுகையையும் எடுத்துக்கொண்டதில்லை.

பாஸ்குக்கு முந்தின பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ பாடும்போது ஒலிக்கும் கோவில் மணி, அதன்பின் ஊமையாகிவிடும். மறுநாள் 14 நிலைகளில் சிலுவைப்பாதை, பிற்பகலில் திருச்சிலுவை வழிபாடு, இரவில் கஞ்சி.

ஆனால் எனக்குப் பாஸ்கு என்பது சனிக்கிழமை இரவுதான். 2011-இல் பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதிக்கு உயர்த்தப்பட்ட இருதய ஆண்டவர் கோவிலில், பகலில் அத்தனை வண்ணம் காட்டும் கண்ணாடி ஜன்னல்களெல்லாம் கருத்துக் கிடக்க, வெளியே புதுத்தீ மந்திரிக்கப்படும். சிலுவையும், முதலும் முடிவும் கிறிஸ்துவே என்பதைக் குறிக்கும் அகரமும் னகரமும், அந்த ஆண்டின் நான்கு எண்களும் பொறித்த பாஸ்கா மெழுகுதிரியில் அந்தத் தீயை ஏற்றிக்கொண்டு குரு இருளுக்குள் நடந்து வருவார். அந்த ஒற்றைச் சுடரிலிருந்து பக்கத்தில் நிற்பவர் திரிக்கும், அவரிடமிருந்து அடுத்தவர் திரிக்குமாக ஒளி பரவி, சற்று நேரத்தில் கோவில் முழுவதும் முகங்களாகத் தெரியும். இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்ததைச் சொல்லும் விவிலிய வாசகத்தை எந்த ஆண்டும் விட்டுவிட முடியாது. பின்பு இரண்டு நாள் மௌனத்தை உடைத்து மணிகள் அடிக்கும்போது, எத்தனை முறை கேட்டிருந்தாலும் என் கண்கள் நிறைந்துவிடுகின்றன.

இந்த வழிபாடு ஆயா சிறுமியாக இருந்தபோது சனிக்கிழமை காலையிலேயே முடிந்துவிடுமாம். திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் பிறப்பித்த ஆணையால்தான் அது எல்லாக் கோவில்களிலும் இரவுக்கு மாறியது. “வெயில்ல திரி கொளுத்தினா யாருக்குத் தெரியும்?” என்று ஆயா கேட்பார். ஞாயிறு காலைப் பூசையே போதும் என்று பிள்ளைகளை உறங்கவிட்டு வரும் பெற்றோரிடம் நானும் அதையே கேட்க விரும்புகிறேன். தூங்கி விழுந்தாலும் பிள்ளைகளை அந்த இருட்டுக்குள் அழைத்து வாருங்கள்.

நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பியதும், புட்டியில் கொண்டுவந்த தீர்த்தத்தை அம்மா அறைதோறும் தெளிப்பார். ஞாயிறு முழுவதும் விருந்துதான்: காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும், மதியம் பிரியாணி, மாலையில் அத்தை வீட்டுப் பிள்ளைகளின் கூச்சல். கறி உண்ணாத எதிர்வீட்டு மாமிக்குத் தனி அடுப்பில் செய்த கேசரி முதலில் போய்விடும். பிரான்சிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருக்கும் ஆண்டுகளில், கொல்லைச் செம்பருத்திச் செடிகளுக்கிடையே சாக்லேட் முட்டைகளை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடவிடுவோம். வியாழனன்று மௌனமாகும் மணிகள் ரோமாபுரிக்குப் பறந்துபோய், ஞாயிறன்று முட்டைகளோடு திரும்புகின்றன என்பது அந்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை. முற்காலத்தில் தவக்காலத்தில் முட்டையும் விலக்கப்பட்டிருந்ததால்தான் அது பாஸ்கு உணவாயிற்று என்று சித்தப்பா விளக்கம் சொல்ல, பிள்ளைகள் காதில் வாங்காமல் ஓடுவார்கள்.

அடுத்த சனிக்கிழமை வில்லியனூர் மாதா கோவிலில் கொடியேறும். திருவிழிப்பு எனப்படும் அந்தச் சனி இரவு வழிபாட்டில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை அம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். ஆயா பிடித்திருந்த கடைசித் திரியும் அதில் இருக்கிறது.